இன்ஸ்பெக்டர் வீட்டு ஃபர்னஸ்

போட்னார் மூன்றாவது தடவையாக "ம்" என்றார்.

வெறும் "ம்"தான். பாராட்டா, பழிப்பா, தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று கண்டுபிடிக்க முடியாத "ம்". ஆனாலும் அதைக் கேட்டதும், குழாய் முறுக்கிக்கொண்டிருந்த லூபாவின் கை நின்றுவிட்டது.

"என்னங்க ஐயா, ஏதாவது சரியில்லையா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீ உன் வேலையப் பாரும்மா."

சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து தூக்கிவந்த நாற்காலியை இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. காதை மூடும் கம்பளித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு டார்ச் விளக்கு. நாடகம் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி இருந்தார்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று டிகிரி. கனடாவின் மானிட்டோபாவில் ஜனவரி மாதம் சூடு தரும் ஃபர்னஸ் இல்லாத வீடு என்பது கூரையில்லாத வீடு மாதிரி. போட்னார் வீட்டு நிலவறையில் முப்பது வருஷமாக உறுமிக்கொண்டிருந்த பழைய ஃபர்னஸ் முந்தின நாள் மதியம் மூச்சை விட்டிருந்தது. அதைக் கழற்றி முற்றத்துப் பனியில் கிடத்தியாகிவிட்டது. அந்த இடத்தில் புதுசு நின்றது. அதற்கு காஸ் குழாய் போட வேண்டும், புகையை வெளியேற்றக் குழாய் போட வேண்டும், பொழுது சாய்வதற்குள் வீட்டைச் சூடாக்க வேண்டும்.

சாதாரண நாளாக இருந்தால் லூபா இதைப் பாட்டுப் பாடிக்கொண்டே முடித்திருப்பாள். பத்தொன்பது வருஷம் கெல்வின் என்பவனிடம் வேலை பார்த்தவள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவனிடம் கம்பெனி வேன் சாவியைக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு வேன் வாங்கி, பக்கவாட்டில் தன் பெயரை எழுத வைத்திருந்தாள். கெல்வின் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒரு மாசம் போகட்டும் லூபா. நீயே வந்து சாவியத் திருப்பிக் கேப்ப." இது அவளுடைய சொந்தப் பெயரில் முதல் வீடு. இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊரில் முதல் வீடு சொதப்பினால், மறுநாள் காலை ஆறு மணிக்கே பெட்ரோல் பங்க் காபிக் கடையில் அதற்குக் கருமாதி நடந்துவிடும்.

காலையில் பத்தரை மணி வரை அவள் தைரியமாகத்தான் இருந்தாள். குழாய் திரும்புமிடத்தில் போடுகிற ஒரு முழங்கை இணைப்பு தேவைப்பட்டு, குழாய்க் கடை டாரிலுக்குப் போன் போட்டாள். அதுதான் வினை.

"யார் வீட்டு வேலை?" என்று கேட்டான் டாரில்.

"ஓரெஸ்ட் போட்னார் வீடு."

டாரில் குரலைத் தாழ்த்தினான்.

"பாத்துச் செய் லூபா. அவர் இன்ஸ்பெக்டரு."

"என்னது?"

"நாப்பது வருஷம். அவர் பேரச் சொன்னா, பண்ணை வெச்சிருந்த எங்கப்பாவுக்கு இன்னைக்கும் வேர்க்கும். ஒரு தடவ லாரி நிறையச் சரக்க வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாரு. இப்ப ரிட்டயர் ஆயிட்டாரு. ஆனா அந்தக் கண்ணு ரிட்டயர் ஆகல, அவ்வளவுதான் சொல்லுவேன். இரு, ஆள் வந்திருக்காங்க."

போனை வைத்துவிட்டான்.

லூபா திரும்பிப் பார்த்தாள். போட்னார் நாற்காலியோடு மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தார். மறுநாள் அரசாங்கத்திலிருந்து வந்து கையெழுத்துப் போடப்போகிற ஆய்வாளரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவர் கேட்கிறதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எதிரே உட்காரப்போகிறது நாற்பது வருஷச் சட்டப் புத்தகம். அதற்குக் கையும் காலும் முளைத்து, கம்பளித் தொப்பியும் போட்டிருக்கிறது.

"இந்தத் துண்டுக் குழாய் எதுக்கும்மா?" போட்னார் டார்ச்சை நீட்டிக் காட்டினார். "கீழ தொங்குது. எங்கயும் போகலையே."

லூபா நிமிர்ந்து நின்றாள். அறியாமல் கேட்கிற கேள்வியா இது? வாய்மொழித் தேர்வு.

"அழுக்கு இறங்குறதுக்கு ஐயா. காஸோட வர்ற துரு, தூசி, ஈரம் எல்லாம் உள்ள இருக்கிற வால்வுக்குப் போகாம நேரா கீழ விழுந்து இதுல தங்கிடும். குறைஞ்சது மூணு அங்குலம் இருக்கணும். இது மூணே கால்."

"மூணு போதுமா?"

"சட்டப்படி போதும்."

"ம்."

அந்த "ம்" அவளைத் தின்றது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு ஆறு அங்குலத் துண்டைப் போட்டாள். அது தரையில் போய் முட்டியது. சரி என்று மேலே இருந்த இணைப்பை உயர்த்தினாள். உயர்த்தினதும், காஸை நிறுத்துகிற வால்வு காற்றுக் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆபத்து நேரத்தில் கை எட்டாத வால்வு இருந்தென்ன, இல்லாமல் என்ன? வால்வை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். அதற்காகக் குழாயின் போக்கை மாற்றினாள். போக்கை மாற்றியதால் சுவரில் அடித்த பிடிப்புகளைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, மதியம் பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, அதே குழாய் அதே இடத்தில், அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"முன்னாடியும் நல்லாத்தானேம்மா இருந்துச்சு," என்றார் போட்னார்.

அவர் தன் மன உறுதியைச் சோதிக்கிறார் என்று லூபா எடுத்துக்கொண்டாள்.

"இல்லைங்க ஐயா. செய்யறதத் திருந்தச் செய்யணும்."

"அது சரி," என்றார் அவர். முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம். "அப்படி நினைக்கிறவங்க இப்ப குறைஞ்சுட்டாங்க. என் கைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு, கண்ண மூடிக்கிட்டு அடுக்கி அனுப்புற ஆளுங்கதான்."

அடுத்தது கசிவுச் சோதனை. குழாயின் வாயை அடைத்து, உள்ளே காற்றை அடித்து, அளவுமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லூபா காற்றடித்தாள். முள் பதினைந்தில் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம் கழித்தும் முள் பதினைந்திலேயே குந்தியிருந்தது.

"ஆச்சுங்க ஐயா. கசிவே இல்ல."

"அவ்வளவுதானா?"

"பதினஞ்சு நிமிஷம் போதும்னு சட்டம்."

"சட்டத்துக்குப் போதும்," என்று ஒத்துக்கொண்டார் போட்னார். "நான் சும்மா கேட்டேன். பொறுமையாப் பாத்தா எதுவும் தன் குறைய அதுவே சொல்லிடும். அது என் அனுபவம்."

லூபா இன்னொரு மணி நேரம் முள்ளை விட்டுவைப்பது என்று தீர்மானித்தாள். காலையில் கொண்டுவந்த ரொட்டியைத் தின்னப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். போட்னார் எழுந்து மேலே போவதும் வருவதுமாக இருந்தார்.

மணி இரண்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தாள். முள் பதினான்கரைக்கு இறங்கியிருந்தது.

பத்தொன்பது வருஷத்தில் அவள் போட்ட குழாய் கசிந்ததில்லை. சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசினாள். எங்கேயாவது ஒரு குமிழ் கிளம்பினால் அதுதான் திருடன். ஒரு குமிழ்கூட இல்லை. சந்தேகத்தில் இரண்டு இணைப்பைக் கழற்றி, மரையைத் துடைத்து, புதிதாகப் பசை தடவி முறுக்கினாள். மறுபடி காற்றடித்தாள். அரை மணி நேரத்தில் முள் மறுபடி ஒரு மயிரிழை இறங்கியது.

கெல்வின் அவள் மனக்கண்ணில் வந்து சாவியை ஆட்டிக் காட்டினான்.

டாரிலுக்குப் போன் போட்டாள். "உன்கிட்ட வேற அளவுமானி இருக்கா? என்னுது பொய் சொல்லுதோன்னு சந்தேகமா இருக்கு."

"இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றான் டாரில். "அவர் என்ன பண்றாரு?"

"பாத்துக்கிட்டே இருக்காரு."

"அதுதான். எங்கப்பாவும் அதத்தான் சொல்லுவாரு. மனுஷன் திட்ட மாட்டாரு, சும்மா பாப்பாரு, அதுவே போதும், ஆளு பாதியாயிடும்னு."

லூபா பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு வாயிலிருந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பிப் போனது. அதைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஊதிப் பார்த்தாள். மறுபடி புகை. காலையில் இந்த நிலவறையில் அவள் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு வேலை செய்தவள்.

"ஐயா, இங்க ஒரு மின்சார ஹீட்டர் வெச்சிருந்தேனே. எங்க அது?"

"மேல கொண்டுபோயிட்டேன்மா. என் பொண்டாட்டி ஸ்டெஃபாவோட ஜெரேனியம் பூச்செடிங்க நடுங்குது. சர்ச்சுக்கு வரேனிகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போயிருக்கா, திரும்பி வந்து செடி வாடியிருந்தா என்னை வெளிய நிறுத்திடுவா."

லூபா சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஐயா, குழாய் கசியல. அறை குளிர்ந்துபோச்சு. குளிர்ந்தா குழாய்க்குள்ள இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கினா முள்ளு இறங்கும்."

போட்னார் முகம் மலர்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அன்றைக்கு முதன்முறையாக அவள் தோளைத் தட்டினார்.

"பலே. அத எத்தன பேருக்குத் தெரியும்? உள்ள காத்து எவ்வளவு இருக்குன்னு பாத்துத்தானே நாங்க புதுசா பழசான்னே சொல்லுவோம்."

அது என்ன முறை என்று லூபாவுக்குப் பிடிபடவில்லை. பழைய காலத்து முறையாக இருக்கும் என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். ஹீட்டரைக் கீழே கொண்டுவந்து, அறையின் சூடு நிலைத்த பிறகு மறுபடி காற்றடித்தாள். இந்தத் தடவை முள் ஆணி அடித்தாற்போல நின்றது. போட்னார் டார்ச்சை அடித்து அந்த முள்ளைப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். லூபாவுக்கு இந்த "ம்" கொஞ்சம் இனிப்பாகக் கேட்டது.

மிச்சம் புகைக் குழாய். காற்றை உள்ளே கொண்டுவர ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய், புகையை வெளியே தள்ள இன்னொன்று. சோதனைக்குக் காத்திருந்த நேரத்திலேயே அவள் இரண்டையும் உத்தரத்தோடு ஒட்டிக் கொண்டுபோய், சுவரைத் துளைத்து, வெளியே பனி எவ்வளவு குவிந்தாலும் எட்டாத உயரத்தில் விட்டிருந்தாள். ஃபர்னஸோடு சேர்க்கிற கடைசி இணைப்பு மட்டும் பாக்கி. தன் வேலையை அண்ணாந்து பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்தது.

"அடிக்குக் கால் அங்குலம் சரிவு ஐயா," என்றாள், அவர் கேட்பதற்கு முன்னால். "புகையில வர்ற ஈரம் குழாய்ல தேங்காம, திரும்பி ஃபர்னஸுக்கே வடிஞ்சு சாக்கடைக்குப் போயிடும். தேங்கினா உறைஞ்சு குழாய அடைச்சுடும். அடைச்சா புகை வீட்டுக்குள்ளதான் வரும்."

போட்னார் தலையை அசைத்தார். பிறகு டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"விளக்க அணைம்மா."

"எதுக்குங்க?"

"வெளிச்சத்துல என்ன தெரியும்?"

லூபா அணைத்தாள். நிலவறையில் கும்மிருட்டு. போட்னார் டார்ச்சை எரியவிட்டு, துடைப்பக் கழியின் நுனியில் கட்டி, புகைக் குழாயின் திறந்த வாய்க்குள் விட்டு மெல்ல உள்ளே தள்ளினார். வெள்ளைக் குழாய் உள்ளிருந்து பால் நிறத்தில் ஒளிர்ந்தது. அந்த ஒளி நகர நகர, அவரும் கழுத்தை வளைத்து அடியிலேயே நடந்தார்.

இப்படி ஒரு சோதனையை லூபா எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பெரிய பெரிய ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை போலிருக்கிறது என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது," என்றார் போட்னார். இரண்டு எட்டு வைத்தார். "நல்லது." இன்னும் இரண்டு எட்டு. "நல்லது."

ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய அலமாரிக்கு மேலே வந்ததும் நின்றார். கழியை முன்னும் பின்னும் அசைத்தார்.

"இது ஆகாது."

"எது ஐயா?"

"விரிசல்."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே." லூபா தன் தலையில் கட்டியிருந்த விளக்கைப் போட்டாள்.

"அத அணை. கண்ணப் பழக விடு. அவசரப்படாத."

அணைத்தாள். அரை நிமிஷம் கழித்துத் தெரிந்தது. விரல் நீளத்தில், தலைமுடி கனத்தில், இணைப்பின் விளிம்பிலிருந்து கிளம்பி ஓடிய ஒரு வெளிச்சக் கோடு.

காலையில் வேனிலிருந்து இறக்கும்போது இந்தக் குழாய் அவள் கை நழுவிப் படிக்கட்டில் விழுந்திருந்தது. அவ்வளவு குளிரில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒன்றுதான். எடுத்து, துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நல்லதென்று மாட்டிவிட்டாள்.

லூபா அப்படியே பின்னால் நகர்ந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். காஸ் குழாயைக் காற்றடித்துச் சோதிக்கிறோம், சோப்பு பூசிச் சோதிக்கிறோம். புகைக் குழாயை அப்படி யாரும் சோதிப்பதில்லை. அந்த விரிசலுக்கு நேர் மேலே இந்தக் கிழவனும் கிழவியும் படுக்கிற அறை. ஃபர்னஸ் ஓட ஓட விரிசல் வாய் திறக்கும். வாசனையில்லாத, நிறமில்லாத கார்பன் மோனாக்சைடு விஷவாயு மெல்ல மேலே ஏறும். அபாய மணி வைத்திருக்கிறாள்தான். ஆனால் மணி அடித்த பிறகு எழுந்திருக்க முடிகிறவர்கள் எல்லாருமா?

"நான் பாக்கல ஐயா," என்றாள். குரல் உடைந்தது. "பத்தொன்பது வருஷம் வேலை செஞ்சும் நான் பாக்கல."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. அதுக்குத்தான் இருட்டு வேணும்." போட்னார் கழியை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வெளிய பாத்தா எல்லாம் வெள்ளையா அழகாத்தான் இருக்கும். உள்ள விளக்கு வெச்சாத்தான் யோக்கியத தெரியும். நாப்பது வருஷத்துல என் முத்திரை விழுந்த சரக்குல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. ஏன்னு சொல்லு? நான் கெட்டிக்காரன்னு இல்ல. அலுப்புப் பாக்காம ஒவ்வொண்ணையும் பாத்தேன். அவ்வளவுதான்."

லூபா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தத் துண்டை அறுத்து எறிந்தாள். வேனில் மிச்சமிருந்த குழாய்களையெல்லாம் நெஞ்சோடு அணைத்து, பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினாள். குளிர் விட்டதும் போட்னார் அவற்றை இருட்டில் வரிசையாகப் பார்த்தார். "நல்லது. நல்லது. தள்ளு. நல்லது." தள்ளச் சொன்னதை லூபா ஏன் என்று கேட்கக்கூட இல்லை, காலால் மிதித்து இரண்டாக உடைத்தாள். மாட்டியிருந்த மற்ற குழாயையும் அவர் கேட்காமலே விளக்கு வைத்துப் பார்க்கச் சொன்னாள். புதுத் துண்டை அளந்து அறுத்து, பிசிறு சீவி, பசை தடவி, கால் சுற்றுத் திருகிப் பிடித்தாள். பசை காய்கிற நேரம் முழுக்க இருவரும் இரண்டு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி காத்திருந்தார்கள். இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலே முக்காலுக்கு லூபா வால்வைத் திறந்தாள். இணைப்புகளில் கடைசியாக ஒரு தடவை சோப்பு பூசினாள். குமிழ் இல்லை. பொத்தானை அழுத்தினாள். சின்ன விசிறி ஒன்று முனகியது. டிக், டிக் என்று இரண்டு சத்தம். பிறகு நீலமாக, ஒரே சீராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி தீ நாக்குகள் எழுந்தன.

விஷவாயு பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு நிலவறை, சமையலறை, படுக்கையறை எல்லாம் நடந்தாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். வாழ்க்கையில் ஒரு பூஜ்யத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை.

மேலே கூடத்தில், தரையில் இருந்த கம்பி வலை வழியாக வெதுவெதுப்பான காற்று வந்தது. போட்னார் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு, காலையிலிருந்து முதல்முறையாக, கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா," என்றாள் லூபா. "வெக்கத்த விட்டுக் கேக்குறேன். என் வேலைக்கு என்ன தரம் குடுப்பீங்க?"

போட்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். ரிட்டயர் ஆன மனிதர் மறைந்து, பதவியில் இருக்கிற மனிதர் அங்கே நின்றார்.

"ஏ," என்றார். "முதல் தரம். மனசாரச் சொல்றேன்."

கெல்வின் பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஓர் எழுத்துக்கு ஈடாகாது. நாளைக்குக் காபிக் கடையில் யார் என்ன பேசினாலும் சரி. போட்னார் கையால் "ஏ" வாங்கினவள் இந்த ஊரில் வேறு யார்?

அப்போது வாசல் கதவு திறந்தது. ஸ்டெஃபா, கையில் துணி மூடிய தட்டோடு, பூட்ஸை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். வெதுவெதுப்பு முகத்தில் பட்டதும் நின்று, கண்ணை மூடி, "அப்பாடா, தாயே, நீ நல்லா இருக்கணும்," என்றார். "இந்த மனுஷன் உன்ன வேலை செய்ய விட்டாரா? நாள் பூரா பக்கத்துல உக்காந்து உயிர எடுத்திருப்பாரே."

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் லூபா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். "இவ்வளவு பெரிய காஸ் இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருந்து பாத்து, 'ஏ' குடுத்திருக்காரு. இன்னைக்கு இவர்கிட்ட நான் கத்துக்கிட்டத, இனி நான் போற ஒவ்வொரு வீட்டுலயும் செய்வேன். உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்."

ஸ்டெஃபா தட்டை மேசைமேல் வைத்தார். புருஷனைப் பார்த்தார். லூபாவைப் பார்த்தார்.

"காஸ் இன்ஸ்பெக்டரா? இவருக்கு அடுப்பப் பத்த வைக்கவே பயம்மா. நாப்பது வருஷம் இவர் இருட்டுல விளக்கு வெச்சுப் பாத்துத் தரம் போட்டதெல்லாம் கோழி முட்டை."